வரிக்குறைப்பு அறிவிப்பைப் படிக்கும் முறை: ஓய்வூதியம், சேமநிதி, அரசாங்க மருத்துவமனை

ஒவ்வோர் ஆண்டும் வழக்கமாக அக்டோபர் மாதத்தில் நிதியமைச்சர் மலேசிய நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்து முடித்த சிறிது நேரத்திலேயே, வருமான வரி எவ்வளவு குறைந்தது, எந்தப் பொருளின் மீதான வரி நீங்கியது என்ற செய்திகள் நம் கைப்பேசிகளை நிரப்பிவிடுகின்றன. அந்த வரிப்பணத்தால்தான் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் தாத்தாவுக்கு நீரிழிவு மருந்து கிடைக்கிறது என்பதையும், ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியரின் மாதப் பணமும் அதிலிருந்தே வருகிறது என்பதையும் அன்றைய செய்தி சொல்வதில்லை. வரிக்குறைப்பு நல்லதா கெட்டதா என்று பொதுவாகத் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலை அன்று. ஒரு வரி குறையும்போது அதன் விளைவு ஓய்வூதியத்தையும் ஊழியர் சேமநிதியையும் அரசாங்க மருத்துவச் சேவையையும் எந்த வழியாக வந்தடைகிறது என்பதை, ஒரு குடும்பம் தன் மேசையில் உட்கார்ந்தே கண்டறியும் முறையைச் சொல்வதே நோக்கம்.

முறையை விளக்க ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். செந்தூலில் வசிக்கும் அக்குடும்பத்தில் தாத்தா இரயில்வேயில் வேலை செய்து ஓய்வூதியம் பெறுபவர். அம்மா தொழிற்சாலையில் மாதம் 3,000 வெள்ளி சம்பளத்துக்கு வேலை செய்து சேமநிதியில் சந்தா செலுத்துபவர். மகள் கணக்காய்வு நிறுவனமொன்றில் பணிபுரிபவர், கழிவுகள் போக அவருடைய வரி விதிக்கத்தக்க வருமானம் ஆண்டுக்கு 70,000 வெள்ளி. ஒரே கூரையின் கீழ் வாழும் இம்மூவரையும் ஒரே வரிக்குறைப்பு மூன்று விதமாகத் தொடுகிறது.

குறைந்தது எந்த வரி, பலன் யாருக்கு

முதல் வேலை, குறைக்கப்பட்ட வரியின் பெயரைச் சரியாகக் குறித்துக்கொள்வதாகும். 2023-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 35,000 வெள்ளிக்கும் 100,000 வெள்ளிக்கும் இடைப்பட்ட வருமானப் படிகளுக்கான வரி 2 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைக்கப்பட்டது. நம் மகளின் கணக்கில் 35,000 முதல் 50,000 வரையிலான 15,000 வெள்ளிக்கு 300 வெள்ளியும், 50,000 முதல் 70,000 வரையிலான 20,000 வெள்ளிக்கு 400 வெள்ளியுமாக, ஆண்டுக்கு 700 வெள்ளி மிச்சமாகிறது. அம்மாவுக்கு மிச்சம் எதுவும் இல்லை. தனிநபர் கழிவையும் சேமநிதிக் கழிவையும் நீக்கிவிட்டால் அவருடைய வருமானம் 35,000 வெள்ளிக்கு வெகு கீழே நின்றுவிடுகிறது, தள்ளுபடிக்குப் பிறகு அவர் செலுத்த வேண்டிய வரியே இல்லை. தாத்தாவின் அரசாங்க ஓய்வூதியத்துக்கு முன்பிருந்தே வருமான வரி கிடையாது என்பதால் அவருக்கும் மிச்சம் இல்லை.

வருமான வரிக்குறைப்பு முதியவர்களையும் குறைந்த சம்பளக்காரர்களையும் நேரடியாகச் சென்றடைவதில்லை என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடுகிறது. ஆனால் நுகர்வு மீதான வரி வேறு வகை. சோப்பும் பற்பசையும் வாங்கும் எவரும் அதைச் செலுத்துகிறார்கள். ஆகவே அது நீங்கினால் தாத்தாவுக்கும் பலன் உண்டு. 2018 ஜூன் 1-ஆம் தேதி ஜிஎஸ்டி எனப்படும் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து சுழியமாக்கப்பட்டபோது நம்மவர்களில் பலர் உண்மையாகவே மகிழ்ந்ததற்குக் காரணம் அதுதான். அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. குறைந்த வருமானத்தில் பெரும்பகுதி மளிகைக்கே போகும் வீட்டில், நுகர்வு வரி வருமான வரியைவிடக் கடுமையாக அழுத்துகிறது.

வரிக்குறைப்போடு சேர்ந்து ஏதாவது வரி உயர்த்தப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன 2023-ஆம் ஆண்டு மாற்றத்தில் 100,000 வெள்ளியைக் கடந்த படிகளுக்கு வரி உயர்ந்தது; அதனால் வரி விதிக்கத்தக்க வருமானம் 230,000 வெள்ளியைத் தாண்டியவர்கள் முன்னைவிடக் கூடுதலாகவே செலுத்தினார்கள். ஒரு பக்கம் விட்டதை மறுபக்கம் ஓரளவு பிடித்துக்கொண்ட குறைப்பு அது. அப்படிப் பிடிமானம் ஏதுமின்றி வருவாயை அப்படியே கைவிடும் குறைப்பைத்தான் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

பணம் எந்தப் பெட்டியில் விழுகிறது, அதில் முதல் உரிமை யாருக்கு

மலேசியாவில் வருமான வரி, நிறுவன வரி, விற்பனை சேவை வரி, அரசாங்கத்தின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் தரும் இலாபப் பங்கு எல்லாம் கூட்டரசின் ஒருங்கிணைந்த நிதி என்னும் ஒரே பெட்டியில்தான் சேர்கின்றன. மருத்துவத்துக்கென்று தனி வரியும் இல்லை, நாடளாவிய மருத்துவக் காப்புறுதி நிதியும் இல்லை. எனவே 'இந்த வரியைக் குறைத்தால் மருத்துவமனைக்குப் பாதிப்பு இல்லை' என்று எந்த வரியைக் குறித்தும் சொல்ல முடியாது. எல்லா வரியும் ஏதோ ஓர் அளவில் மருத்துவமனையின் வரிதான்.

அந்தப் பெட்டியிலிருந்து எடுப்பதற்குச் சட்டம் ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 98-ஆவது பிரிவின்படி அரசாங்க ஓய்வூதியமும் கடனுக்கான செலவும் அந்நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்ட செலவுகள். அவற்றுக்கு ஆண்டுதோறும் மக்களவையின் வாக்கெடுப்பு தேவையில்லை. 147-ஆவது பிரிவு ஓய்வூதிய உரிமைக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துச் சொன்னால், ஓய்வூதியமும் கடன் வட்டியும் முதல் பந்தியில் அமர்ந்து உண்டு எழுந்துவிடுகின்றன. சுகாதார அமைச்சும் கல்வி அமைச்சும் அடுத்த பந்திக்குக் காத்து நிற்கின்றன. சோறு குறைவாக வடிக்கப்பட்ட நாளில் யாருடைய இலை காலியாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தாத்தாவின் ஓய்வூதியம் வரிக்குறைப்பால் அடுத்த மாதமே குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. முதியவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது; ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை ஒட்டிப் பரவும் வாட்ஸ்அப் செய்திகள் அவர்களைத் தேவையின்றிக் கலங்க வைக்கின்றன. நெருக்கடி வேறு இடத்தில் வெளிப்படுகிறது. அரசாங்கத்தின் ஓய்வூதியச் செலவு ஆண்டுக்கு 30 பில்லியன் வெள்ளியையும் கடன் வட்டிச் செலவு 50 பில்லியன் வெள்ளியையும் கடந்துவிட்டன. இவ்விரண்டும் வளர, வருவாய் வளராமல் நின்றால், நடுவில் நசுங்குவது வாக்கெடுப்புக்கு உட்பட்ட ஒதுக்கீடுகளே. அரசாங்கம் ஓய்வூதியத்தைத் தொட்ட இடமும் ஒன்று உண்டு: 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி முதல் புதிதாக அரசாங்க வேலையில் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை, சேமநிதிச் சந்தாதான். இருப்பவரின் உரிமையைத் தொட முடியாதபோது, இனி வருபவரின் உரிமை மாற்றி எழுதப்படுகிறது. வீட்டில் அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மருத்துவமனையின் கணக்கைப் படிப்பது

இங்கேதான் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் வரிக்குறைப்பின் விளைவு மிக மெதுவாகவும் மிகவும் மறைவாகவும் வெளிப்படும் இடம் இதுதான். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பொது மருத்துவரைக் காண 1 வெள்ளி, மருத்துவமனையில் நிபுணரைக் காண 5 வெள்ளி என்ற கட்டணம் பல ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. கட்டணம் ஏறாததால் சேவைக்குப் பாதிப்பில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்த 1 வெள்ளிக்கும் சிகிச்சையின் உண்மைச் செலவுக்கும் இடையிலுள்ள பெரும் தொகை முழுவதையும் வரிப்பணமே ஈடுசெய்கிறது. அத்தொகை போதாதபோது கட்டணச் சீட்டு மாறாது. அடுத்த சந்திப்புக்குத் தரப்படும் தேதி தள்ளிப்போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. அரசாங்கம் வழக்கமாக மேம்பாட்டுச் செலவுக்கு மட்டுமே கடன் வாங்குகிறது. செயல்பாட்டுச் செலவை வருவாயிலிருந்தே சமாளிக்க வேண்டும். புதிய மருத்துவமனைக் கட்டடம் மேம்பாட்டுச் செலவு. அக்கட்டடத்துக்குள் வேலை செய்யும் தாதியரின் சம்பளம், மருந்து, இயந்திரப் பராமரிப்பு எல்லாம் செயல்பாட்டுச் செலவு. எனவே வருவாய் சுருங்கும் காலத்தில்கூடக் கடன் பணத்தில் புதுக் கட்டடம் எழலாம், ஆனால் அதில் பணியாற்றப் போதிய ஆட்கள் இல்லாமற்போகலாம். திறப்பு விழாப் படங்களை மட்டும் பார்த்து ஒதுக்கீட்டை மதிப்பிடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சுகாதார அமைச்சின் செலவில் ஊதியம் பெரும் பங்கு வகிக்கிறது. அதையும் உடனே குறைக்க முடியாது என்பதால் நிரந்தரப் பணியிடங்கள் அளந்தே திறக்கப்படுகின்றன. 2016 டிசம்பர் முதல் இளம் மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டதும், 2021 ஜூலை 26-ஆம் தேதி அவர்கள் மருத்துவமனை வாசல்களில் கறுப்பு உடையில் நின்று மறியல் செய்ததும் நாம் கண்டவைதாம். அந்நிலைக்கு மருத்துவப் பட்டதாரிகளின் எண்ணிக்கை பெருகியது உட்படப் பல காரணங்கள் உண்டு. எனினும் நிரந்தரச் சம்பளத்துக்கு உறுதியளிக்கப் போதிய வருவாய் இல்லாத அரசாங்கம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது காட்டியது.

எண்களைப் பார்க்க விரும்புவோர் நிதியமைச்சின் இணையப்பக்கத்தில் வரவு செலவுத் திட்ட நாளன்றே வெளியாகும் ஆவணங்களில் இரண்டைப் பதிவிறக்கிக்கொண்டால் போதும். கூட்டரசு செலவின மதிப்பீட்டு நூலில் சுகாதார அமைச்சின் தலைப்பு எண் பி.42, அதில் சம்பளம், சேவை மற்றும் பொருள் கொள்முதல் ஆகியவற்றுக்கான தொகைகள் தனித்தனியே உள்ளன. நிதிநிலைக் கண்ணோட்ட நூலில் ஒவ்வொரு வரியும் சென்ற ஆண்டு எவ்வளவு ஈட்டியது, வரும் ஆண்டு எவ்வளவு ஈட்டும் என்ற மதிப்பீடு இருக்கும். மலாய் மொழியில் படிக்கத் தயங்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் உதவலாம். அட்டவணையைப் படிக்க அதிக மொழியறிவு தேவைப்படாது.

எடுத்துக்காட்டாக, சுகாதார அமைச்சுக்கு 2024-இல் 41.2 பில்லியன், 2025-இல் 45.3 பில்லியன், 2026-இல் 46.5 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. இந்த இரண்டு மாற்றங்களும் உயர்வுகள்தாம், ஆயினும் அவை ஒன்றுபோன்றவை அல்ல. முதல் உயர்வு ஏறத்தாழ 10 விழுக்காடு, அடுத்தது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. முதல் உயர்வைப் படிக்கும்போதும், 2024 டிசம்பரில் அரசாங்க ஊழியர் சம்பளம் உயர்த்தப்பட்டதை நினைவில் வைத்து, சம்பளத்துக்குப் போனது எவ்வளவு, மருந்துக்கும் கருவிக்கும் போனது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது உயர்வை மருந்து விலையேற்றத்தோடும், 60 வயதைக் கடந்தோர் எண்ணிக்கை கூடிவருவதோடும் ஒப்பிட வேண்டும். 2030 வாக்கில் நம் நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அந்த வயதைக் கடந்திருப்பர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. நோயாளிகளும் விலைகளும் பெருகும் வேகத்தைவிட ஒதுக்கீடு மெதுவாக வளர்ந்தால், தாளில் அது உயர்வாகவும் வார்டில் அது குறைவாகவும் இருக்கும்.

இப்போது மகளின் 700 வெள்ளிக்கு வருவோம். அம்மாவின் முழங்கால் வலிக்கு அரசாங்க மருத்துவமனை தரும் தேதி பல மாதங்கள் தள்ளியிருக்கிறது என்றும், குடும்பம் பொறுக்கமாட்டாமல் தனியார் மருத்துவமனைக்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அங்கே எடுக்கும் எம்.ஆர்.ஐ ஒன்றுக்கே அந்த 700 வெள்ளி போதாமற்போவதுண்டு. இந்தத் தாமதத்துக்கு அந்தக் குறிப்பிட்ட வரிக்குறைப்புதான் காரணம் என்று யாரும் நிறுவ முடியாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. வரியில் மிச்சமானதையும் மருத்துவத்துக்குக் கையிலிருந்து செலவழித்ததையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதும் பழக்கம் குடும்பத்துக்கு வேண்டும் என்பதையே சொல்கிறேன். மூன்று நான்கு ஆண்டுகள் எழுதிவந்தால் உண்மையில் எந்தப் பக்கம் கனக்கிறது என்பது தெரியவரும்.

துளை எதைக் கொண்டு அடைக்கப்பட்டது

வரி குறைந்த ஆண்டிலேயே ஒதுக்கீடு குறையாததைக் காட்டி 'பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை' என்பார்கள். அப்போது கேட்க வேண்டியது, குறைந்த வருவாய்க்கு ஈடாக வந்தது எது என்பதே. 2017-இல் ஜிஎஸ்டி ஏறத்தாழ 44 பில்லியன் வெள்ளி ஈட்டியது. அதற்கு மாற்றாக 2018 செப்டம்பரில் திரும்பி வந்த விற்பனை சேவை வரி 2019-இல் ஈட்டியது 28 பில்லியனுக்கும் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு குறையவில்லை, சற்று உயரவே செய்தது. ஆனால் அதே 2019-இல் அரசாங்கம் பெட்ரோனாஸிடமிருந்து 30 பில்லியன் வெள்ளி சிறப்பு இலாபப் பங்கு பெற்றது. செலுத்தாமல் நிலுவையில் இருந்த வரித் திருப்பித்தொகைகளை அடைக்க அது பயன்பட்டது. ஒருமுறை எடுத்த பணத்தை மறுபடி எடுக்க முடியாது. பிறகு 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தது, 2025 ஜூலையில் விற்பனை சேவை வரியின் வீச்சு விரிக்கப்பட்டது. விட்ட வரி வேறு பெயரில் வேறு தோள்களில் ஏறித் திரும்புவது இப்படித்தான்.

வரி குறைந்தால் தொழில் வளரும், வளர்ச்சி அந்த இழப்பை ஈடுசெய்யும் என்ற வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். ஒரு பகுதி ஈடாகலாம். முழுவதும் ஈடாகும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் துணைநிற்கவில்லை: 2017-இல் அங்கே நிறுவன வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைத்த சட்டம், வளர்ச்சியால் வரும் கூடுதல் வருவாயைக் கணக்கிட்ட பின்னரும் 11 ஆண்டுகளில் பற்றாக்குறையை 1.9 டிரில்லியன் டாலர் கூட்டும் என அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம் 2018-இல் மதிப்பிட்டது.

அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்களுக்கும் அந்நாட்டுச் செய்திகளைப் படிப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. அங்கே முதியோர் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் தனித்தனி நிதிகள் உண்டு. சம்பளத்திலிருந்து தொழிலாளியும் முதலாளியும் தலைக்கு 6.2 விழுக்காடு முன்னதற்கும் 1.45 விழுக்காடு பின்னதற்கும் செலுத்துகிறார்கள். பெட்டி தனியாக இருப்பதால் அங்கே கேள்வியும் கூர்மையாகிறது: குறைந்த வரி அந்தப் பெட்டிக்குரியதா இல்லையா? ஓய்வூதியத்தின் மீது செலுத்தப்படும் வருமான வரி அந்நிதிக்கே திரும்பிச் செல்வதால், 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் முதியோருக்குக் கூடுதல் வரிக்கழிவு தந்தபோது நிதிக்கு வரவேண்டிய பணம் குறைந்தது. முதியோர் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு தீரும் காலம் 2033-இன் முதல் காலாண்டிலிருந்து 2032-இன் கடைசிக் காலாண்டுக்கு முன்வந்துவிட்டதாக அந்நிதியை நடத்தும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமைக் கணிப்பாளர் தெரிவித்தார். அமெரிக்கச் செய்தியை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்தி அஞ்சவும் வேண்டாம், இங்குள்ள ஒரே பெட்டி முறையை வைத்து அதை அளக்கவும் வேண்டாம்.

சேமநிதி: வரிக்குறைப்பு போலத் தோன்றும் இன்னொன்று

ஊழியர் சேமநிதி வரிப்பணத்தில் நடப்பதன்று. சந்தாவும் அதன் முதலீட்டு ஈவும்தான் அதன் மூலம். வரிக்குறைப்பு அம்மாவின் சேமநிதிக் கணக்கை நேராகத் தொடாது. ஆனால் மக்கள் கையில் பணம் புழங்க வேண்டும் என்று அரசாங்கம் நினைக்கும்போது வரிக்குப் பதிலாகச் சந்தாவைக் குறைப்பதுண்டு. 2016 மார்ச் முதல் 2017 டிசம்பர் வரை தொழிலாளியின் சந்தா 11 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது. 3,000 வெள்ளிச் சம்பளத்தில் அது மாதம் 90 வெள்ளி, 22 மாதங்களுக்கு 1,980 வெள்ளி. ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு என்று கொண்டால் 20 ஆண்டுகளில் அத்தொகை 5,200 வெள்ளியைத் தாண்டியிருக்கும். வரிக்குறைப்பில் விடப்படுவது அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய பணம். இங்கே விடப்படுவதோ அம்மாவின் சொந்தப் பணம், அதுவும் முதுமைக்கென்று ஒதுக்கியது. இரண்டையும் 'சலுகை' என்ற ஒரே சொல்லால் அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. அப்போது 11 விழுக்காட்டிலேயே தொடர விரும்பியவர்கள் முதலாளி வழியாகப் படிவம் நிரப்பிக் கொடுக்க வழி இருந்தது. படிவத்தை நிரப்பாதவர்களின் சந்தா தானாகக் குறைந்துவிட்டது. மறுபடி அப்படியோர் அறிவிப்பு வந்தால், முதல் வாரத்திலேயே சம்பளப் பிரிவில் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அனுமதிக்கப்பட்ட சிறப்பு மீட்புகளில் உறுப்பினர்கள் எடுத்தது 145 பில்லியன் வெள்ளி. அந்த வெற்றிடம் இன்னும் பலருடைய கணக்கில் நிரம்பவில்லை.

சேமநிதி போதாதவர்கள் முதுமையில் யாரை நம்புவார்கள்? அரசாங்க மருத்துவமனையைத்தான். சந்தா குறைந்த தலைமுறை ஓய்வு பெறும் காலத்தில் வரி வருவாயும் சுருங்கியிருந்தால் இரண்டு இழப்பும் ஒரே ஆளின் மேல் விழும். தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்து ஒப்பந்த வேலைகளிலும் பாதுகாவல் வேலைகளிலும் காலம் கழித்த நம்மவர்கள் பலருக்குச் சேமநிதியில் தொடர்ச்சியான சந்தாவே இல்லை என்பதை நினைக்கும்போது இது எனக்கு ஏட்டளவிலான கவலையாகத் தோன்றவில்லை.

எல்லா வரிகளையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. இனிப்புப் பானங்களின் மீதான கலால் வரி 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசாகத் தொடங்கி 2025 ஜனவரியில் 90 காசானது. அத்தகைய வரியைக் குறைத்தால் வருவாயும் போகும், நீரிழிவு நோயாளிகளும் கூடலாம்.

கேள்வியை எங்கே கொண்டுபோவது

வரவு செலவுத் திட்டம் தாக்கலாவதற்கு முன் நிதியமைச்சு பொதுமக்களிடம் இணையவழி கருத்துக் கேட்கிறது; தமிழர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் ஓய்வு பெற்றோர் அமைப்புகளும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 'மருத்துவமனைக்கு அதிகம் ஒதுக்குங்கள்' என்று பொதுவாக எழுதுவதைவிட, முன்மொழியப்படும் வரிக்குறைப்பால் கைவிடப்படும் வருவாய் எவ்வளவு, அதை ஈடுசெய்யும் வருவாய் எது, அது ஒருமுறை வருவதா ஆண்டுதோறும் வருவதா, பி.42 தலைப்பில் மருந்துக்கும் பராமரிப்புக்குமான தொகை சென்ற ஆண்டைவிட எவ்வளவு மாறும் என்று நான்கு கேள்விகளை எழுதிக் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் பொது நிதி மற்றும் நிதிப் பொறுப்புச் சட்டம், வரிச் சலுகைகளால் அரசாங்கம் கைவிடும் வருவாயைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும் என்கிறது. ஆகவே குறைப்பு அத்தகைய சலுகையாக இருந்தால், முதல் கேள்விக்குப் பதில் தரும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு. அதே கேள்விகளை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் எழுத்து வடிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு குழுநிலை விவாதத்துக்கு வரும் வாரத்துக்கு முன்பே அவை அவர் கையில் இருந்தால், அவையில் எழுப்ப வாய்ப்புண்டு.